துரோகியைக் காட்டிக்கொடுத்த தேதிகள்

கேள்வி: உளவு நிறுவனத்துக்குள்ளேயே ஒரு துரோகி இருக்கிறான் என்று தெரிந்துவிட்டால், எல்லோரையும் சந்தேகித்து, பொய் கண்டறியும் கருவியில் உட்காரவைத்தால் ஒரே மாதத்தில் மாட்டிவிடுவானே! அமெரிக்கர்களுக்கு ஏன் அத்தனை வருடம் ஆனது?
(வாசகர் ஒருவர், கரூர்)

பதில்: உட்காரவைத்தார்கள் ஐயா. அமெரிக்காவின் வெளிநாட்டு உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வின் அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1986-லும் 1991-லும் அந்தக் கருவியின் முன் உட்கார்ந்து, இரண்டு முறையும் தேறி வெளியே வந்தார். நீங்கள் சொல்லும் வழி குற்றவாளியைத் தப்பவிட்டு, நிரபராதியின் வாழ்க்கையை நாசம் செய்த வழி. நடந்ததைச் சொல்கிறேன்.

1985 ஏப்ரலில் ஏம்ஸ் வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதரகத்துக்குள் தானே நடந்து போனார். கடன் கழுத்தை நெரித்தது. கேட்டது 50,000 டாலர். ஜூனில், மாஸ்கோவுக்குத் தெரியாமல் அமெரிக்காவுக்கு உதவிவந்த சோவியத் ஆட்களின் பெயர்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டார். ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். குறைந்தது பத்துப் பேருக்கு மரண தண்டனை. அதில் ஒருவர் டிமிட்ரி பொல்யகோவ், சோவியத் ராணுவ உளவுத்துறையின் ஜெனரல். நம் புது டெல்லியில் தூதரக அதிகாரியாக இருந்தவர். அவர் பெரும் பணம் கேட்டதே இல்லை. துளைபோடும் இயந்திரம், மீன்பிடிச் சாமான் போன்றவற்றை வாங்கிக்கொள்வார். 1988-ல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

துரோகியைத் தேட 1986-ல் ஜீன் வெர்ட்ஃபே என்ற அதிகாரியின் கீழ் ஒரு சின்னக் குழு அமைந்தது. ஆனால் முதல் துப்பு கிடைத்தது ஒரு திரைச்சீலையில். ஏம்ஸ் 5,40,000 டாலருக்கு வீடு வாங்கினார், கடனே இல்லாமல். சம்பளமோ வருடத்துக்கு 70,000 டாலருக்கும் குறைவு. அவரோடு வேலைபார்த்த டயானா வொர்த்தன், புது வீட்டுக்குத் திரைச்சீலை தேர்ந்தெடுக்க ஏம்ஸின் மனைவிக்கு உதவப் போனார். எந்த அறைக்கு முதலில் என்று கேட்டால், வீடு முழுவதற்கும் சேர்த்து என்று பதில் வந்தது. அரசாங்கச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள் அப்படி வாங்க மாட்டார்கள் என்று அந்தப் பெண்மணிக்கு உறைத்தது. 1989-லேயே மேலே சொன்னார். விசாரித்தவர்களோ, கொலம்பியாவில் மாமனார் வீட்டுச் சொத்து என்ற பேச்சை நம்பி விட்டுவிட்டார்கள். எனக்கு இன்றும் ஆறாத இடம் இதுதான். ஒரு பத்திரத்தை, ஒரு வங்கிக் கணக்கை ஒழுங்காகப் பார்த்திருந்தால் போதும்.

கடைசியில் அதைப் பார்த்தவர் சி.ஐ.ஏ. அதிகாரி சாண்ட்ரா கிரைம்ஸ். பொல்யகோவ் விவகாரத்தில் வேலை செய்தவர். ஏம்ஸ் மீது அவருக்குச் சந்தேகம் இருந்தது, ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு அவர் யாரையும் கைகாட்டவில்லை. ஏம்ஸ் எந்த நாளில் எங்கே இருந்தார், யாரோடு சாப்பிட்டார் என்று தேதிவாரியாக எழுதிக்கொண்டே வந்தார். 1992 ஆகஸ்டில் வங்கிக் கணக்கு விவரமும் அதோடு சேர்ந்தது. 1985 மே 17, சோவியத் தூதரக அதிகாரி சுவாகினோடு மதியச் சாப்பாடு. மறுநாள் வங்கியில் 9,000 டாலர். ஜூலை 2, மறுபடி சாப்பாடு. 5-ந் தேதி 5,000. ஜூலை 31, சாப்பாடு, அன்றே 8,500. அந்தச் சாப்பாடெல்லாம் ஏம்ஸே அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தவை. அப்புறம் உள்நாட்டில் ஒற்றர்களைப் பிடிக்கும் புலனாய்வு நிறுவனமான எஃப்.பி.ஐ. பின்தொடர்ந்து, அவர் வீட்டுக் குப்பைத்தொட்டியைக்கூடக் கிளறி, 1994 பிப்ரவரி 21-ல் கைது செய்தது.

சரி, நீங்கள் கேட்ட வழிக்கு வருவோம். ஏம்ஸ் பிடிபட்ட பிறகும் இன்னொரு துரோகி இருப்பது தெரிந்தது. இந்த முறை சந்தேகம் பிரையன் கெல்லி என்ற சி.ஐ.ஏ. அதிகாரி மேல் விழுந்தது. அவர் ஓடிப் பயிற்சி செய்யும் பாதையைக் குறித்துவைத்திருந்த வரைபடம், ரகசியப் பொட்டலம் வைக்கும் இடங்களின் வரைபடமாகிவிட்டது. பொய் கண்டறியும் கருவியில் தேறினார். தேறியதே அவர் எத்தனை கைகாரர் என்பதற்குச் சான்றாகிவிட்டது! எஃப்.பி.ஐ.காரர்கள் வெளிநாட்டு உச்சரிப்பில் பேசும் ஒருவரை அவர் வீட்டு வாசலுக்கு அனுப்பி, உங்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள், தப்பித்து ஓடுங்கள் என்று சொல்லவைத்தார்கள். கெல்லி மறுநாளே அதைப் புகார் செய்தார். அப்போதும் நம்பவில்லை. 1999-ல் வேலையிலிருந்து நிறுத்திவைத்து, அவருடைய பிள்ளைகளிடமும் போய் உங்கள் அப்பா ஒற்றர் என்றார்கள். ஒரு மனிதனுக்கு இதைவிட என்ன செய்துவிட முடியும்?

உண்மையான ஆள் ராபர்ட் ஹான்சன், துரோகியைத் தேடிக்கொண்டிருந்த எஃப்.பி.ஐ.யிலேயே இருந்தார். பொல்யகோவை 1979-லேயே சோவியத்காரர்களிடம் சொன்னவரும் அவர்தான். ரஷ்யர் ஒருவருக்கு 70 லட்சம் டாலர் கொடுத்து சோவியத் உளவு நிறுவனமான கே.ஜி.பி.யின் கோப்பு ஒன்றை வாங்கினார்கள். அதில் ஓர் ஒலிநாடா இருந்தது. கெல்லியின் குரல் கேட்கும் என்று காத்திருந்தவர்களுக்குத் தங்கள் அலுவலகத்துக் குரலே கேட்டது. கோப்போடு வந்த பிளாஸ்டிக் பையில் ஹான்சனின் கைரேகையும் இருந்தது. 2001 பிப்ரவரி 18-ல் அவரைப் பிடித்தார்கள்.

கெல்லியிடம் எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது, அந்த வருடமே. அவர் திரும்பவும் வேலைக்குப் போனார்.