ஒரே நூல், இரண்டு பதிப்புகள்: சிந்தனை வரலாறு பயில விரும்பும் மாணவியின் பெற்றோருக்கு

உங்கள் மகள் சர்வதேச உறவுகளின் சிந்தனை வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புவதாகவும், அதில் முறையாகக் கற்க என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை எனவும் எழுதியிருந்தீர்கள். பழைய நூல்களைப் படித்துச் சுருக்கி எழுதுவதே ஆய்வு என்றால், உங்கள் கவலை நியாயமானதே.

பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் ஈ. எச். கார் சர்வதேச அரசியல் பற்றி எழுதிய 'இருபதாண்டு நெருக்கடி' என்ற நூலை எடுத்துக்கொள்ளுங்கள். 1939 செப்டம்பரில் போர் மூண்டபோது அது அச்சுக்கு முந்தைய மெய்ப்பு நிலையில் இருந்தது. அதில், செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த 1938ஆம் ஆண்டின் மியூனிக் உடன்படிக்கையைச் சாதகமாகக் குறிப்பிட்ட பகுதி, போருக்குப் பிந்தைய இரண்டாம் பதிப்பில் இல்லை. பின்னதை மட்டும் படித்தவருக்கு அது எக்காலத்துக்கும் பொருந்தும் கோட்பாட்டு நூலாகத் தோன்றும். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தவரோ, அன்றைய பிரிட்டனின் வெளியுறவு விவாதத்தில் ஒரு பக்கம் நின்று வாதாடியவரின் குரலை அதில் கேட்பார். ஒரு நூல் என்ன சொல்கிறது என்பதோடு, அந்த வேளையில் அதைச் சொன்னதன் மூலம் ஆசிரியர் என்ன செய்ய முற்பட்டார் என்றும் கேட்க வேண்டும் என்பதே 1969இல் பிரிட்டிஷ் சிந்தனை வரலாற்றாளர் குவென்டின் ஸ்கின்னர் வெளியிட்ட கட்டுரையின் சாரம்.

வேறு வழிகளும் உண்டு. ஜெர்மானிய வரலாற்றாசிரியர் ராய்ன்ஹார்ட் கோசெல்லெக் போன்றோர் ஒரு கருத்துச்சொல்லின் பொருள் காலப்போக்கில் மாறியதைத் தொடர்ந்தனர். இதழ்களின் வரலாற்றைத் தேடுவோரும் உள்ளனர்: 1910இல் அமெரிக்காவில் 'இன வளர்ச்சி இதழ்' என்ற பொருள்படும் பெயரில் தொடங்கிய ஏடு, 1919இல் 'சர்வதேச உறவுகள் இதழ்' என்று பெயர் மாறி, 1922இல் 'ஃபாரின் அஃபேர்ஸ்' இதழோடு இணைந்தது. இத்துறை எந்தக் கேள்விகளோடு பிறந்தது என்பதை, பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லாமல் விட்ட இந்தப் பெயர் மாற்றமே காட்டிவிடுகிறது.

ஆகவே பல்கலைக்கழகத்தின் பெயரைவிட, நெறியாளர் ஆவணக் காப்பகங்களில் வேலை செய்தவரா என்பதைப் பாருங்கள். ஜெர்மனோ பிரெஞ்சோ படிக்கும் அளவுக்கு உங்கள் மகள் இப்போதே கற்கத் தொடங்கட்டும். இதைத் தள்ளிப்போட்டவர்கள் ஆய்வின் நடுவில் திணறுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பேராசிரியர் பணியிடங்கள் குறைவு என்பதை மறைக்க மாட்டேன். ஆவணத்தைச் சந்தேகத்தோடு படிக்கும் பயிற்சி கொள்கை ஆய்வு, ஆவணக் காப்பகம், பதிப்பகம், இதழியல் ஆகியவற்றிலும் பயன்படும். ஆனால் அங்கெல்லாம் பட்டத்தைக் காட்டினால் போதாது, எழுதியவற்றையும் காட்ட வேண்டும்.

விண்ணப்பிக்கும் முன், காரின் இரண்டு பதிப்புகளிலும் அமைதிவழி மாற்றம் பற்றிய அத்தியாயத்தை ஒப்பிட்டு இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். வரிக்கு வரி ஒப்பிடும் அந்த வேலை அவருக்குச் சலித்தால், சேர்வதற்கு முன்பே அது தெரிந்துவிடுவது நல்லது.