காரில் டயர் காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு எரிகிறது. அதை எப்படி அணைப்பது? அப்படியே ஓட்டலாமா?

அணைக்கும் வழியை நானும் ஒருமுறை தேடிக் கண்டுபிடித்தேன். அதற்கு ஒரு டயரைப் பறிகொடுத்தேன். ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கே முதலில் வருகிறேன்.

குதிரை லாடத்துக்குள் ஆச்சரியக்குறி போட்டதுபோல் மஞ்சளாக ஒளிரும் அந்த விளக்கைக் கண்டதும் பதறி பிரேக்கை மிதிக்க வேண்டாம். ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கிறதா, பின்பக்கம் அலைகிறதா, படபடவென்று சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். ஒன்று இருந்தாலும் மெல்ல ஓரம் கட்டி ஸ்டெப்னி மாற்றிவிடுங்கள். (ஸ்டெப்னி இருக்கிறதா என்று இன்றைக்கே டிக்கியைத் திறந்து பாருங்கள். இந்த எச்சரிக்கை வசதியும் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-இல் விதியைத் திருத்திவிட்டார்கள்.) எந்த அறிகுறியும் இல்லையென்றால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு அடுத்த பெட்ரோல் பங்க் வரை போகலாம். அதற்கு மேல் வேண்டாம்.

எனக்கு அது எரிந்தது சென்னையிலிருந்து விழுப்புரம் போகும் வழியில், மேல்மருவத்தூர் தாண்டியதும். நிறுத்திய பங்கில் காற்று அடிக்கும் இயந்திரம் வேலை செய்யவில்லை. அங்கிருந்த இளைஞர் நான்கு டயரையும் காலால் ஓர் உதை உதைத்துவிட்டு, "காற்று சரியாகத்தான் இருக்கிறது சார்" என்றார். வெயில், பின்சீட்டில் பசியோடு குழந்தைகள். நம்புவது வசதியாக இருந்தது. காருடன் கொடுத்த கையேட்டைப் புரட்டினேன். ஒரு பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடிக்கச் சொன்னது. பிடித்தேன். விளக்கு அணைந்தது. என் கெட்டிக்காரத்தனத்தை மனைவியிடம் சொல்லிப் பெருமைப்பட்டும் கொண்டேன்.

அந்தப் பொத்தான் செய்யும் வேலை எனக்குப் பிறகுதான் புரிந்தது. என் காரின் சக்கரங்களுக்குள் அழுத்தத்தை அளக்கும் கருவி எதுவும் கிடையாது. ஏபிஎஸ் பிரேக்குக்காக (சக்கரம் இறுகிச் சறுக்காமல் காக்கும் பிரேக்) சக்கரங்களின் சுழற்சியை எண்ணும் சென்சார்களையே இதற்கும் பயன்படுத்துகிறது. காற்று குறைந்த டயரின் ஆரம் சற்றுச் சுருங்குவதால், அதே தூரத்தைக் கடக்க அது மற்றவற்றைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சுழல வேண்டும். அந்த வித்தியாசத்தைக் கண்டால் விளக்கு எரியும். பொத்தானை அழுத்தினால், "இப்போது இருக்கும் நிலைதான் சரியான நிலை, இதையே மனத்தில் வைத்துக்கொள்" என்று காருக்குச் சொல்வதாகப் பொருள். காற்றை நிரப்பிவிட்டு அழுத்த வேண்டியதை, காற்று இறங்கிய டயரோடு அழுத்தியிருக்கிறேன்.

மூன்று வாரம் விளக்கு வாயே திறக்கவில்லை. மறுபடி எரிந்தபோதுதான் காற்றுமானி வைத்துப் பார்த்தேன்: ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் 33 பிஎஸ்ஐ, என் இடது பின் டயரில் 17. பஞ்சர் கடை அண்ணன் டயரைக் கழற்றி, உள்ளே இருந்த கறுப்புத் தூளை உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். "இது மண் இல்லை சார், டயரின் உள்சுவர்" என்றார். காற்று இறங்கிய நிலையில் ஓடியதால் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி, தேய்ந்து தூளாகியிருந்தது. ஆணி குத்திய ஓட்டையை அடைக்க ஒரு ஸ்ட்ரிப் (ஓட்டையில் செருகும் ரப்பர் பட்டை) போதும். ஆனால் அந்தச் சுவரை நம்பி நெடுஞ்சாலையில் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். புது டயர்தான்.

எனவே கண்ணையும் காலையும் நம்பாதீர்கள். ரேடியல் டயரின் அடிப்பகுதி காற்று முழுமையாக இருக்கும்போதே சற்று உப்பித்தான் தெரியும்; 33-க்கும் 25-க்கும் வித்தியாசம் பார்வைக்குச் சட்டென்று பிடிபடாது. காலையில் வண்டியை எடுக்கும் முன் காற்றுமானியால் அளந்து, கதவுத் தூண் அட்டையில் உள்ள அளவுக்கு நிரப்புங்கள். டயரின் மேலேயே அச்சிட்டிருக்கும் எண் அது தாங்கக்கூடிய உச்சம். அது உங்கள் காருக்கான அளவு அன்று. ஓடிச் சூடான டயர் சில பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். நைட்ரஜன் அடித்தால் இந்தத் தொல்லை வராது என்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்; நான் அதற்குக் காசு கொடுப்பதில்லை.

உங்கள் கார் ஒவ்வொரு டயரின் அழுத்தத்தையும் எண்ணாகத் திரையில் காட்டுகிறதென்றால், சக்கரத்துக்குள்ளேயே சென்சார் இருக்கிறது. பெரும்பாலும் காற்றை நிரப்பிக் கொஞ்ச தூரம் ஓட்டினாலே விளக்கு தானாக அணைந்துவிடும். டிசம்பர் மாதத்துப் பெங்களூரு போன்ற ஊரில் காலையில் எரிந்து பத்து கிலோமீட்டரில் அணைகிறதா? வெப்பநிலை ஐந்தாறு டிகிரி இறங்கினால் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ குறையும். காற்று விளிம்பில் நிற்கிறது, நிரப்பிவிடுங்கள். வண்டியைக் கிளப்பியதும் ஒரு நிமிடம் போல மின்னிவிட்டுப் பிறகு நிலையாக எரிந்தால், பெரும்பாலான கார்களில் கோளாறு சென்சாரில் என்று பொருள். உள்ளிருக்கும் பேட்டரி ஐந்து முதல் பத்து ஆண்டு வரும். தீர்ந்தால் பொதுவாகச் சென்சாரையே மாற்ற வேண்டும். டயரைக் கழற்றக் கொடுக்கும்போது வால்வுப் பக்கம் சென்சார் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள், கடப்பாரை பட்டால் உடைந்துவிடும்.

நிரப்பிய இரண்டு மூன்று நாளில் அதே டயர் மறுபடி இறங்கினால் சோப்புத் தண்ணீரை வால்வு, ரிம் விளிம்பு, டயரின் முகம் எங்கும் ஊற்றிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். ஆணி தென்பட்டால் ஆர்வத்தில் பிடுங்கிவிடாதீர்கள். பஞ்சர் கடை வரை காற்றைப் பிடித்து வைத்திருப்பது அந்த ஆணிதான்.