அப்பாவின் புத்தகங்களில் கவிதையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எடைக்குப் போட்டுவிடலாமா?

காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள வீட்டில் உங்கள் தந்தையார் விட்டுச் சென்ற புத்தகங்கள் கவிதை, துப்பறியும் நாவல், ரயில் கால அட்டவணை, மோட்டார் வண்டிப் பழுதுபார்ப்பு என்று ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடக்கின்றன என்றும், கவிதை நூல்களை மட்டும் சென்னைக்கு எடுத்துச் சென்றுவிட்டு மற்றவற்றைக் கழித்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடவே, அவருக்கு ரசனையில் ஓர் ஒழுங்கே இருந்ததில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் நான் பேசாமல் கடந்து போயிருப்பேன்.

என் பதில் உங்கள் எண்ணத்துக்கு நேர்மாறானது. இடம் போதவில்லை என்றால் கவிதை நூல்களை வாசிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். கொலைக் கதைகளையும் ரயில் அட்டவணையையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கவிதையை நான் மட்டம் தட்டுவதாகச் சிலர் உடனே கிளம்பக்கூடும். சா. கணேசன் 1939இல் கம்பன் விழாவைத் தொடங்கிய காரைக்குடியில் பிறந்து, பங்குனி தவறாமல் முன்வரிசையில் இடம் பிடித்து உட்காருகிறவன் நான். கண்ணதாசனின் சிறுகூடல்பட்டியும் குழந்தைக் கவிஞர் வள்ளியப்பாவின் ராயவரமும் எனக்கு அடுத்த தெருவைப் போன்றவை. பாரதி 1919இல் கானாடுகாத்தானுக்கும் காரைக்குடிக்கும் வந்து போனதை இன்றும் இங்கே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், நானும் உட்பட. ஆனால் பாரதி பாடல்களின் உரிமையைச் சென்னை அரசு 1949இலேயே பெற்றுப் பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கிவிட்டது. மலிவுப் பதிப்பு எந்தப் புத்தகக் கண்காட்சியிலும் கிடைக்கும். கம்பராமாயணம் மதுரைத் திட்டம் என்னும் இணையத் தளத்தில் இலவசமாக இருக்கிறது. உங்கள் வீட்டுப் பிரதி போனாலும் கம்பனுக்கு ஒன்றும் ஆகாது. மாத நாவலுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. செய்தித்தாள் காகிதத்தில் அச்சாகி, பேருந்து நிலையக் கடையில் தொங்கி, கை மாறி, கடைசியில் பொட்டலமாகிப் போவதே அதன் வாழ்க்கை என்பதால், ஒரு பிரதி தப்பியிருந்தால் அதற்கு யாரோ ஒருவருடைய பிடிவாதம்தான் காரணம். உங்கள் விஷயத்தில் அந்த ஒருவர் உங்கள் தந்தையார்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படும். எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, கொழும்பு செட்டியார் தெருவில் பெட்டியடிப் பையன் என்கிற கடைநிலைச் சிப்பந்தியாகச் சேர்ந்து, கடைப் பொறுப்பைப் பார்க்கும் மேலாளாக உயர்ந்தவர். மூன்றாண்டுத் தவணையில் போய், முடிந்ததும் ஊருக்கு வந்து, மறுபடி தவணைக்குப் புறப்படுகிற வாழ்க்கை. அவர் வாங்கியவையும், அவர் இல்லாத காலத்தில் அப்பத்தா வி.பி.பி.யில், அதாவது தபால்காரரிடம் பணம் கொடுத்துப் பெறும் முறையில், வரவழைத்தவையும் சேர்ந்து வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஓர் அறையை அடைத்திருந்தன. வீட்டைப் பழுதுபார்க்கப் பங்காளிகள் எல்லோரும் கூடியபோது முதலில் கைவைத்தது அந்த அறையில்தான். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த பெரியப்பச்சி மகன், "ஏம்ப்பா, கொலைக் கதையையும் ரயில் நேரத்தையும் வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறே? அந்த ரயிலே இப்ப இல்லையே" என்றார். "இல்லைங்கிறதுனாலதாண்ணே" என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. அல்லது விளங்காததுபோல இருந்துவிட்டார்.

அவர் குறிப்பிட்டது தென்னிந்திய ரயில்வேயின் பழைய கால அட்டவணை. மேலட்டை போய்விட்டது, முதுகில் தைத்த நூல் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக மானாமதுரை வரை இருப்புப்பாதை 1930ஆம் ஆண்டு வாக்கில்தான் முழுமையடைந்தது. அதன் பிறகு இங்கிருந்து கொழும்புக்குப் போகிறவர் காரைக்குடியில் ஏறி, மானாமதுரையில் வண்டி மாறி, 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தைத் தாண்டித் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னாருக்குப் போய், அங்கிருந்து மீண்டும் ரயிலேற முடிந்தது. எங்கள் ஐயா மானாமதுரை நேரத்தின் அடியில் பென்சிலால் இரண்டு கோடு போட்டு, ஓரத்தில் "ராச்சாப்பாடு கையில்" என்று எழுதியிருக்கிறார். அட்டவணையின் கடைசித் தாளில் குடை, ஊறுகாய்ச் சாடி, இரண்டு சோடி வேட்டி, கந்தசஷ்டிக் கவசம் என்று ஒரு பட்டியல். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி நிலையமே போய்விட்டது. அந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வண்டி வந்தது, எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்பது அச்சில் நிற்கிற தாளை, ரயில் ஓடாத ஊரின் அட்டவணை என்று சொல்லி எடைக்குப் போடச் சொல்கிறார்கள்.

துப்பறியும் நாவல்கள் அப்பத்தாவின் ராச்சியம். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகியோரில் தொடங்கி, தேவகோட்டைக்காரரான தமிழ்வாணனின் சங்கர்லால் வரையில் அவர் விட்டுவைத்தது குறைவு. கணவர் கடல் கடந்திருக்க, ஓரகத்திகளும் நாத்தனாரும் ஒரே வளவில் புழங்கும் வீட்டில் புத்தகம் கைமாறாமல் இருக்குமா? கேட்காமல் எடுத்துப்போய்த் திருப்பித் தராத ஓரகத்தி ஒருவர் இருந்திருக்கிறார். அவர் கைக்குப் போகும் என்று தெரிந்த பிரதிகளில் மட்டும், தலைப்புப் பக்கத்திலேயே அப்பத்தா பென்சிலால் "கொன்றது சித்தப்பன்" என்றும் "வைரம் சமையல்காரனிடம்" என்றும் எழுதி வைத்திருக்கிறார். ஒரு பிரதியில் அதன் கீழே வேறொரு கையெழுத்தில் "தெரியும்" என்று மட்டும் இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளைப் பற்றித் தூண், தேக்கு, ஆத்தங்குடிக் கல் என்று எவ்வளவோ எழுதியாயிற்று. அந்த வீட்டுக்குள் பெண்கள் பகல் பொழுதில் என்ன படித்தார்கள் என்பதை அறிய எனக்குக் கிடைத்த சான்று இந்தப் பென்சில் எழுத்துதான். அழகாகக் கட்டு கட்டப்பட்ட கவிதைத் தொகுதிகள் ஒன்றில்கூட ஒரு கோடு கிடையாது. பல தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி, வெட்டப்படாமலே இருந்தன.

எனவே ரசனையில் ஒழுங்கு இல்லை என்று உங்கள் தந்தையாரைப் பற்றி முடிவு கட்ட வேண்டாம். ஊர் ஊராகப் போய்ப் பிழைத்த மக்களின் வீட்டில் ரயில் புத்தகமும் கப்பல் புத்தகமும் இருப்பது இயல்பு. கோட்டையூர் ஏ.கே. செட்டியாரும் நெற்குப்பை சோமலெயும் பயண நூல்கள் எழுதிப் பெயர் பெற்றவர்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அதே கோட்டையூரின் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் தொழிலில் இருந்தவர். பழந்தமிழ் நூல்களோடு நாடக நோட்டீசு, சினிமாப் பாட்டுப் புத்தகம், கலியாண அழைப்பிதழ், துப்பறியும் நாவல் எல்லாவற்றையும் சேர்த்து வைத்தார். அவர் 1992இல் காலமான பிறகு, அந்தச் சேகரத்தைச் சிகாகோ பல்கலைக்கழகம் 1994இல் வாங்கியது. இன்று சென்னையில் அவர் பெயரால் ஆய்வு நூலகம் இயங்குகிறது. அவர் நல்லது, கெட்டது என்று பிரித்து வைத்திருந்தால் இன்றைய ஆய்வாளர்களுக்குப் பாதி வேலை இருந்திருக்காது.

நூலகத்துக்குக் கொடுத்துவிடலாமே என்று உங்களுக்கு யாராவது சொல்வார்கள். எங்களிடமும் சொன்னார்கள், பெயர் சொல்ல விரும்பாத ஓர் இடத்துக்கு ஒரு பகுதியைக் கொடுத்தோம். ரசீது கிடையாது, பட்டியல் கிடையாது. பின்னர் எங்கள் ஐயாவின் ரப்பர் முத்திரையோடு அவற்றில் சில பழைய புத்தகக் கடையில் இருந்தன, நானே காசு கொடுத்து மீட்டேன். விடுதலை பெற்ற இந்தியாவிலேயே முதலாக 1948இல் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கும் சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி நாங்கள் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். எல்லா நூலகமும் அப்படியல்ல, மிக நன்றாகப் பார்த்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்; எழுத்தில் பட்டியல் வாங்காமல் ஒரு தாளையும் வெளியே விடாதீர்கள் என்பதற்காகவே சொல்கிறேன். வீட்டுச் சாமான் வாங்க வருகிறவர்களிடம் அதைவிட எச்சரிக்கை தேவை. எங்களிடம் வந்தவர் கண்ணாடி பீரோவுக்கு நல்ல விலை சொல்லிவிட்டு, உள்ளே இருந்ததை அப்படியே தரையில் கொட்டித் தரச் சொன்னார்.

கவிதையைக் கொடுத்துவிடுங்கள் என்றேனே, அதற்கு ஒரு விலக்கு உண்டு. முதற்பதிப்பாக இருக்கலாம் என்று தோன்றுவதைக் கொடுத்துவிட வேண்டாம். ஆண்டு அச்சிடப்படாத நூல்களில் விலையைப் பாருங்கள்: அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957க்கு முந்தியது, ந.பை. (நயா பைசா) என்று இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. ஐயம் இருந்தால் முதற்பதிப்புகளுக்குப் பெயர்போன புதுக்கோட்டை ஞானாலயா நூலகத்தில் காட்டிக் கேளுங்கள். மற்ற கவிதை நூல்கள், கம்பன் விழாப் போட்டிகளுக்குப் பாட்டு மனப்பாடம் செய்கிற பள்ளிப் பிள்ளைகள் கைக்குப் போகட்டும். மோட்டார் பழுதுபார்ப்பு நூலைப் பற்றி எனக்கு அதிகம் சொல்லத் தெரியவில்லை. உள்ளே மடித்து வைத்த வரைபடம் இருந்தால் அது கிழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வகை பிரிப்பதெல்லாம் பிறகு. இப்போது செய்ய வேண்டியது, ஐப்பசி மழைக்குள் அந்த அறையின் கூரை ஓடுகளைச் சரிபார்ப்பது. பர்மாத் தேக்குப் பெட்டியைக் கரையான் எளிதில் தொடாது, ஆனால் பெட்டிக்குள் இருக்கிற காகிதத்துக்கு அந்தச் சலுகை இல்லை. எனவே பெட்டியைத் தரையிலிருந்து கல் வைத்து உயர்த்தி, சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வையுங்கள். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து மருந்தை நேரே புத்தகத்தின் மேல் அடிக்க வேண்டாம். கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் ஒட்டினால் பசை சில ஆண்டுகளில் பழுப்பேறி எழுத்தையே மறைத்துவிடும், ரப்பர் வளையமோ கோடை வெயிலில் இளகி அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். உதிர்கிற புத்தகத்தைப் பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டி வைத்தாலே போதும். தையல் சாமான் விற்கிற எந்தக் கடையிலும் அது கிடைக்கும்.