ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ்: சந்தேகங்களைக் கேளுங்கள்

ஆங்கில இலக்கணம் கற்றுக்கொடுப்பதும் பிறர் எழுதிய ஆங்கிலத்தைத் திருத்துவதும் என் வேலை. செய்வினை, செயப்பாட்டுவினை பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். வினாத்தாளை அப்படியே அனுப்பி விடை மட்டும் கேட்க வேண்டாம். எந்த இடத்தில் குழம்புகிறீர்கள் என்று சொன்னால்தான் உங்களுக்குப் பயன்படும்படி பதில் சொல்ல முடியும்.

கேள்வி: சார், வாக்கியத்தைத் திருப்பிப் போட்டு 'பை' சேர்த்தால் பாசிவ் என்று படித்தேன். திருப்பத் தெரியும். எதற்குத் திருப்ப வேண்டும் என்றுதான் தெரியவில்லை.

பதில்: இதை முதலிலேயே கேட்டது நல்லதாகப் போயிற்று. தமிழிலிருந்து தொடங்குகிறேன். 'போலீஸ் திருடனைப் பிடித்தது' என்று சொல்லலாம், 'திருடனைப் போலீஸ் பிடித்தது' என்றும் சொல்லலாம். 'ஐ' உருபு ஒட்டியிருப்பதால் திருடன் எங்கே நின்றாலும் பிடிபட்டவன் அவன்தான். ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அப்படி ஓர் உருபு கிடையாது. வினைக்கு முன்னால் நிற்பது எழுவாய், பின்னால் நிற்பது செயப்படுபொருள். இடம் மாறினால் பொருளே மாறிவிடும். 'தி தீஃப் காட் தி போலீஸ்' என்றால் திருடன் போலீஸைப் பிடித்துவிட்டான்.

அப்படியானால் திருடனைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது அவனை முன்னால் நிறுத்துவது எப்படி? அதற்குத்தான் பாசிவ். 'தி தீஃப் வாஸ் காட்.' பேச்சு யாரைப் பற்றியதோ அவரை முதலில் கொண்டுவரும் வழி இது. 'மை பைக் வாஸ் ஸ்டோலன்' என்று சொல்பவருக்குத் தன் பைக்தான் முக்கியம். எடுத்தவன் யாரென்று அவருக்கே தெரியாது. அங்கே 'பை சம்ஒன்' என்று சேர்ப்பதால் யாருக்கும் ஒரு தகவலும் கூடுவதில்லை.

வடிவம் எளிது: 'பி' வினையின் ஏதாவது ஒரு வடிவம் ('இஸ்', 'வாஸ்' போன்றவை), அதன் பின் முக்கிய வினையின் பாஸ்ட் பார்ட்டிசிபிள், அதாவது 'ஸ்டோலன்' போன்ற மூன்றாம் வடிவம். ஆனால் அதற்கும் முன்னால் ஒன்றைப் பார்க்க வேண்டும். அந்த வினை 'யாரை, எதை' என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்கிறதா? பதில் இல்லாவிட்டால் பாசிவ் கிடையாது. இன்று இதைப் பலமுறை சொல்வேன்.

கேள்வி: 'ஆன் ஆக்சிடென்ட் வாஸ் ஹாப்பன்ட்' சரியா?

பதில்: தவறு. எதை 'ஹாப்பன்' செய்தது? பதில் இல்லை. 'ஆன் ஆக்சிடென்ட் ஹாப்பன்ட்' போதும். 'ஆக்கர்', 'அரைவ்', 'டிஸப்பியர்', 'டை' எல்லாம் இதே வகை. 'ஹி வாஸ் டைட்' என்று ஒருபோதும் எழுதாதீர்கள். 'ஹி வாஸ் கில்ட்' சரி, ஏனென்றால் கொல்வதற்கு ஆள் வேண்டும்.

கேள்வி: அப்படியென்றால் 'ஹி ஹாஸ் எ கார்' என்பதில் செயப்படுபொருள் இருக்கிறதே. பாசிவ் எங்கே?

பதில்: நல்ல கேள்வி. 'ஹாவ்', 'ரிசெம்பிள்', 'லாக்', அளவு பொருந்துவதைச் சொல்லும் 'ஃபிட்', இவற்றின் பின்னால் பெயர்ச்சொல் வரும், ஆனாலும் பாசிவ் வராது. வைத்திருப்பதும் ஒத்திருப்பதும் ஒரு நிலை. அந்தப் பொருளுக்கு எதுவும் நடப்பதில்லை. ஆக, செயப்படுபொருள் இல்லையென்றால் பாசிவ் நிச்சயம் இல்லை. இருந்தால் பெரும்பாலும் உண்டு, எப்போதும் அல்ல.

கேள்வி: 'பீயிங்', 'பீன்' இரண்டும் எப்போது வரும் என்று குழப்பமாக இருக்கிறது, அக்கா ஒருவர் சொல்லியும் புரியவில்லை.

பதில்: வேலை நடந்துகொண்டிருந்தால் 'பீயிங்', முடிந்திருந்தால் 'பீன்'. 'தி ரோடு இஸ் பீயிங் ரிப்பேர்ட்' என்றால் ஆட்கள் இன்னும் வேலை செய்கிறார்கள். 'தி ரோடு ஹாஸ் பீன் ரிப்பேர்ட்' என்றால் வண்டியை எடுக்கலாம். முன்னால் இருக்கும் சொல்லைப் பாருங்கள்: 'இஸ், ஆர், வாஸ், வேர்' இருந்தால் 'பீயிங்', 'ஹாஸ், ஹாவ், ஹாட்' இருந்தால் 'பீன்'. இரண்டும் சேர்ந்து வரும் 'ஹாஸ் பீன் பீயிங்' மிக அபூர்வம். அதை விட்டுவிடலாம்.

கேள்வி: 'ஐ வாஸ் கிவன் எ புக்' என்று ஓரிடத்தில் படித்தேன். என்னையா கொடுத்தார்கள்? 'எ புக் வாஸ் கிவன் டு மீ' என்பதுதானே சரி?

பதில்: இரண்டும் சரி. 'தே கேவ் மீ எ புக்' என்பதில் 'மீ', 'எ புக்' என்று இரண்டு செயப்படுபொருள்கள். எதை வேண்டுமானாலும் முன்னால் கொண்டுவரலாம், பேச்சில் முதல் வடிவம்தான் அதிகம் கேட்கும். 'ஆஃபர், ஷோ, டெல், டீச், பே, செண்ட்' எல்லாம் இப்படியே.

இங்கேயே ஒரு எச்சரிக்கை. நான் திருத்தும் கட்டுரைகளில் 'ஐ வாஸ் எக்ஸ்ப்ளெயின்ட் தி ரூல்' அடிக்கடி வருகிறது. அது தவறு. 'எக்ஸ்ப்ளெயின் மீ தி ரூல்' என்று ஆக்டிவிலேயே சொல்ல முடியாது, 'டு மீ' வேண்டும். ஆக்டிவில் நேராக ஒட்டாத ஆள் பாசிவில் எழுவாயாக வர முடியாது. 'தி ரூல் வாஸ் எக்ஸ்ப்ளெயின்ட் டு மீ' என்று எழுதுங்கள். 'சஜஸ்ட்' என்பதற்கும் இதுவே விதி.

கேள்வி: 'பை' இருந்தால் பாசிவ் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. 'ஹி சாட் பை தி விண்டோ' என்றால் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தான், அவ்வளவுதான். பாசிவ் வாக்கியங்களில் பெரும்பாலானவற்றில் 'பை' இருக்கவே இருக்காது.

கேள்வி: 'தி கிளாஸ் புரோக்' பாசிவ்தானே? கண்ணாடி தானாக எதையும் செய்யாதே.

பதில்: ஆக்டிவ். 'பி' வினையும் இல்லை, பார்ட்டிசிபிளும் இல்லை.

கேள்வி: மேலே உள்ள பதிலை ஏற்க முடியவில்லை. செய்தவர் பெயர் இல்லை, கண்ணாடிதான் பாதிக்கப்பட்டது. பொருளைப் பார்த்தால் பாசிவ்தான்.

பதில்: வாய்ஸ் என்பது வினையின் வடிவத்துக்கு உரிய பெயர். யார் பாதிக்கப்பட்டார் என்பதை வைத்துத் தீர்மானித்தால் 'ஹி ரிசீவ்ட் எ ப்ளோ' என்பதும் பாசிவ் ஆகிவிடும். அடி வாங்கியவன் எழுவாயாக இருந்தும் அது ஆக்டிவ்தான்.

பொருளிலும் வேறுபாடு உண்டு. 'உடைந்தது', 'உடைக்கப்பட்டது' இரண்டும் உங்களுக்கு ஒன்றா? இரண்டாவதில் உடைத்தவர் பெயர் இல்லாவிட்டாலும் ஓர் ஆள் இருக்கிறார். ஆங்கிலத்திலும் அப்படித்தான். 'தி கிளாஸ் வாஸ் புரோக்கன் டு கெட் தி கீ அவுட்' சரியான வாக்கியம்: சாவியை எடுக்க யாரோ உடைத்திருக்கிறார்கள். 'தி கிளாஸ் புரோக் டு கெட் தி கீ அவுட்' சொல்லிப் பாருங்கள், நிற்காது. நோக்கம் இருக்க வேண்டுமானால் அதை வைத்திருக்க ஓர் ஆள் வேண்டும்.

கேள்வி: பழைய இலக்கணப் புத்தகங்களில் 'தி ரோஸ் ஸ்மெல்ஸ் ஸ்வீட்' போன்றவற்றைக் குவாசி பாசிவ் என்கிறார்களே. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: அந்தப் பெயர் உண்மையில் இருக்கிறது. 'கிட்டத்தட்ட பாசிவ்' என்றால் பாசிவ் அல்ல என்றும் ஆகிறது. பண்டைய கிரேக்கத்தில் ஆக்டிவுக்கும் பாசிவுக்கும் நடுவே மிடில் வாய்ஸ் என்று தனியாக ஒன்று உண்டு, செயல் எழுவாயையே வந்து சேர்வதைக் காட்டுவது. சமஸ்கிருதத்தின் ஆத்மநேபதமும் அதற்கு இணையானது. இவற்றில் வினையின் விகுதியே வேறாக இருக்கும். ஆங்கிலத்தில் அதற்கென்று தனி வடிவம் இல்லாததால் ஆக்டிவ் வடிவமே அந்த வேலையையும் செய்கிறது. பொருளை வைத்து மிடில் என்று அழைத்தால் எனக்கு மறுப்பில்லை. பாசிவ் என்று மட்டும் எழுதாதீர்கள்.

கேள்வி: 'பீயிங்' எப்போது, 'பீன்' எப்போது?

பதில்: மேலே இருக்கிறது.

கேள்வி: கண்ணாடி விவாதத்தைப் படித்தேன். எது எப்படியோ, பாசிவ் என்பதே பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வழி. 1987-இல் அமெரிக்க அதிபர் ரீகன் தன் உரையில் 'சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்' என்றார். யார் செய்த தவறு? ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்கூட ஆக்டிவ் போட முடிந்த இடத்தில் பாசிவ் போடாதே என்று 1946-இல் ஒரு கட்டுரையில் எழுதினார்.

பதில்: ரீகன் வாக்கியத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. அங்கே மறைக்கத்தான் பாசிவ் பயன்பட்டது. ஆனால் அதை வைத்து வடிவத்தையே குற்றம் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. ஓர் அலுவலகத்தில் முக்கியமான கோப்பை ஒருவர் அழித்துவிட்டார் என்று வையுங்கள். 'தி ஃபைல் வாஸ் டிலீட்டட்' என்றால் அழித்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதாவது தெரியும், 'பை ஹூம்' என்று கேட்கலாம். 'தி ஃபைல் டிஸப்பியர்ட்' என்றால் அதுகூடக் கிடையாது. இரண்டாவது சுத்தமான ஆக்டிவ். அதிகம் மறைப்பது அதுதான். கண்ணாடி வாக்கியத்தில் இவ்வளவு நேரம் நின்றதற்கும் இதுதான் காரணம். செய்தவர் பெயர் இல்லாததெல்லாம் பாசிவ் என்று நினைப்பவர், இப்படிப்பட்ட ஆக்டிவ் வாக்கியத்தை நேர்மையானது என்று நம்பிவிடுவார்.

ஆர்வெல் அந்தக் கட்டுரையிலேயே பாசிவை நிறையப் பயன்படுத்தியிருக்கிறார், அதனால் கட்டுரை கெட்டுப்போகவில்லை. 1776 அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் 'ஆல் மென் ஆர் கிரியேட்டட் ஈக்வல்' பாசிவ்தான். அங்கே பேச்சு மனிதர்களைப் பற்றியது, அதனால் அவர்கள் முதலில் வருகிறார்கள்.

கேள்வி: அறிவியல் கட்டுரை முழுக்கப் பாசிவில்தான் இருக்க வேண்டுமா?

பதில்: அப்படி விதி இல்லை. டிஎன்ஏ வடிவத்தை அறிவித்த வாட்சன், கிரிக்கின் 1953 கட்டுரை 'வி விஷ் டு சஜஸ்ட்' என்றுதான் தொடங்குகிறது. செய்முறைப் பகுதிக்குப் பாசிவ் பொருந்தும், ஏனென்றால் அங்கே கரைசலைச் சூடாக்கிய கை யாருடையது என்பது முக்கியமில்லை. கருத்தையும் முடிவையும் சொல்லும்போது 'வி' போட்டு எழுதுங்கள்.

கேள்வி: 'தி டோர் இஸ் க்ளோஸ்ட்' பாசிவா?

பதில்: கதவு மூடிய நிலையில் இருக்கிறது என்றால் 'க்ளோஸ்ட்' பெயரடை. தினமும் இரவு காவலர் மூடுகிறார் என்ற பொருளில் பாசிவ். சூழலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கேள்வி: 'க்ளோஸ் தி டோர்' என்பதற்குப் பாசிவ்?

பதில்: தேர்வில் 'லெட் தி டோர் பி க்ளோஸ்ட்' என்று எழுதி மதிப்பெண் வாங்கிக்கொள்ளுங்கள். வெளியே யாரிடமும் அப்படிப் பேசாதீர்கள்.

கேள்வி: 'ஹி வாஸ் அரைவ்ட்' சரிதானே?

பதில்: எதை 'அரைவ்' செய்தார்? அதே சோதனைதான். 'ஹி அரைவ்ட்.'

கேள்வி: பன்னிரண்டு டென்ஸுக்கும் பாசிவ் அட்டவணை போட்டுத் தர முடியுமா?

பதில்: அட்டவணை எந்த இலக்கணப் புத்தகத்திலும் இருக்கிறது. நீங்களே பத்து வாக்கியம் எழுதி அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.

கேள்வி: கண்ணாடி விஷயத்தில் கடைசியாக ஒன்று. ஒத்துக்கொள்கிறேன், அது ஆக்டிவ். அப்போது 'திஸ் புக் செல்ஸ் வெல்' என்பதும் அதே வகையா?

பதில்: வடிவம் ஆக்டிவ், புத்தகம் விற்கப்படும் பொருள், ஆக நெருங்கிய வகை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கண்ணாடி ஆள் இல்லாமலும் உடையும், புத்தகத்தை யாராவது விற்றே ஆக வேண்டும். அப்புறம், இந்த வகை வாக்கியத்துக்குப் பெரும்பாலும் 'வெல்', 'ஈஸிலி' மாதிரி ஒரு சொல் துணைக்கு வேண்டும். 'திஸ் ஷர்ட் வாஷஸ்' என்று நிறுத்தினால் பாதியில் விட்டது போலிருக்கும், 'திஸ் ஷர்ட் வாஷஸ் ஈஸிலி' என்றால் முழு வாக்கியம்.