தண்ணீர்த் தொட்டிக்கு இடம் பார்க்குமுன் எஞ்சினின் டெண்டரைப் பாருங்கள்

கேள்வி: ஹெச்ஓ அளவில் (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு), 8க்கு 4 அடி பலகையில், 1940களின் அமெரிக்கக் கிளை ரயில் பாதை ஒன்றை மாடலாக அமைத்து வருகிறேன். நீராவி எஞ்சினுக்கான தண்ணீர்த் தொட்டி மரத்தில் வாங்குவதா, இரும்பிலா? எங்கே வைப்பது?

பதில்: மரத்தொட்டியே வாங்குங்கள். இரும்புத் தொட்டியும் அப்போது இருந்ததுதான், தப்பில்லை, ஆனாலும் சின்ன ஊர் ஸ்டேஷனுக்கு மரம்தான் எடுப்பாக இருக்கும். அங்கே பரவலாக இருந்த 50,000 கேலன் தொட்டி சுமார் 24 அடி விட்டம், 16 அடி உயரம். 1:87 அளவில் 84 மில்லிமீட்டர் அகலம் வரும், கால்கள் தனி. உங்கள் பலகைக்கு அது கொஞ்சம் பூதாகரம்தான், ஒரு சுற்று சிறிய கிட் (பாகங்களாக வாங்கி ஒட்டும் மாடல்) எடுத்தாலும் யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் தொட்டியைச் சுற்றியுள்ள இரும்புப் பட்டைகளைக் கவனியுங்கள். அடியில் தண்ணீரின் அழுத்தம் அதிகம் என்பதால் கீழே நெருக்கமாகவும் மேலே போகப் போக இடைவெளி விட்டும் இருக்க வேண்டும். எல்லாம் ஒரே இடைவெளியில் இருந்தால் நான் அந்த கிட்டைத் தொடமாட்டேன்.

சரி, இடம். பலர் காலியாக இருக்கும் மூலையில் தொட்டியை ஒட்டிவிட்டு அப்புறம் முழிக்கிறார்கள். எஞ்சினுக்குப் பின்னால் எரிபொருளும் தண்ணீரும் சுமந்து வரும் டெண்டர் என்ற வண்டியில்தான் தண்ணீர் நிரப்புவார்கள், தண்ணீர் ஊற்றும் வாயின் மூடியும் டெண்டரின் பின்கோடியில் இருக்கும். அதனால் பசையை எடுக்குமுன் தொட்டிக்குப் பதிலாக ஒரு காகிதக் கப்பை வைத்து, உங்களிடம் உள்ள நீளமான ரயிலை மூடி கப்புக்கு நேராக வரும்படி நிறுத்துங்கள், எஞ்சின் மூக்கு பாயின்ட் (தடம் பிரியும் இடம்) மேல் நிற்கிறதா, பின்னால் உள்ள பெட்டிகள் லெவல் கிராசிங்கை மறிக்கின்றனவா என்று பாருங்கள், பிறகு எதிர்த்திசையில் வரும் ரயிலுக்கும் இதையே செய்யுங்கள். எப்படி நகர்த்தினாலும் மறிக்கிறதா? சரக்கு ரயில் என்றால் பெட்டிகளைக் கழற்றி விட்டுவிட்டு எஞ்சின் மட்டும் போய்க் குடித்துவரட்டும், நிஜத்திலும் அப்படிச் செய்தார்கள், ஓட்டுவதற்கும் சுவாரசியம்.

நேர்ப்பாதையில் வையுங்கள். தண்டவாள நடுவிலிருந்து தொட்டியின் விளிம்பு 30 மில்லிமீட்டராவது தள்ளி இருக்கட்டும் (நிஜத்தில் சுமார் எட்டரை அடி). வளைவில் வைத்தே ஆகவேண்டும் என்றால் இன்னும் தள்ளுங்கள், நீளமான பெட்டி வளைவில் வெளியே துருத்தும். மெயின் லைனுக்கும் பக்கத்து லைனுக்கும் நடுவே இடம் இருந்தால், நியூ மெக்சிகோவின் சாமாவில் நிற்பதுபோல் இரண்டு குழாய் வைத்த தொட்டி அருமையாகப் பொருந்தும். குழாயைத் தூக்கியபடியே ஒட்டுங்கள், எஞ்சின் வந்து நின்றபின்தான் ஃபயர்மேன் (எஞ்சினின் அடுப்பைக் கவனிப்பவர்) அதை இழுத்து இறக்குவார்.

பெயின்ட் அடிக்கும்போது தொட்டியின் அடியில் ஈரமண், பச்சைப் புல், பலகை இடுக்குகளில் வெள்ளைக் கறை. மரத்தொட்டி ஒழுகாமல் இருந்ததே இல்லை.

வெளியே நீர்மட்டம் காட்டும் அளவுகோல் உங்கள் கிட்டில் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். காட்டியைக் கப்பி வழியாக உள்ளே மிதவையோடு கயிறால் கட்டியிருப்பார்கள், தொட்டி நிரம்பினால் காட்டி கீழே இறங்கும். தொட்டி நிறைந்திருக்கிறது என்று காட்ட நினைத்து அதை உச்சியில் ஒட்டிவிடாதீர்கள்.