கணினி கேள்வி பதில்: கன்ட்ரோல்-எஸ் ஏன் கேட்கவில்லை?

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் தோட்டத்து ஆபீஸில் லாரிக்கு லாரி செம்பனைக் குலை எடையைப் பதிய லினக்ஸில் ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தேன், சி மொழியில், நேராக எக்ஸ்லிப் (லினக்ஸில் ஜன்னல், கீபோர்டு, மவுஸைக் கையாளும் எக்ஸ் அமைப்புக்கான நூலகம்) வைத்து. கன்ட்ரோல்-எஸ் தட்டினால் பதிவாக வேண்டும். என் லேப்டாப்பில் பதிவாகிறது, ஆபீஸில் கிராணி (எழுத்தர்) தட்டினால் அசைவே இல்லை. வலது பக்க எண் கீகளில் அடித்தாலும் எண் விழவில்லை, மேல் வரிசையில் அடித்தால் விழுகிறது. கீபோர்டைக்கூட மாற்றிப் பார்த்தோம். நிரலில் ‘ஸ்டேட் == கன்ட்ரோல்மாஸ்க்’ (கன்ட்ரோலுக்கான எண்) என்று ஒப்பிடுகிறேன், எந்தக் கீ என்பதை எக்ஸ்லுக்அப்கீசிம் என்ற எக்ஸ்லிப் செயலை 0 கொடுத்து அழைத்து அறிகிறேன்.
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: கீபோர்டு நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி. கிராணி நாள் முழுக்க எடை அடிக்கிறவர், அவர் மேசையில் நம்லாக் (வலது பக்கக் கீகளை எண்ணுக்கு மாற்றும் கீ) விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். எண் கீகளே இல்லாத உங்கள் லேப்டாப்பில் அது அணைந்திருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒவ்வொரு கீ நிகழ்வோடும் எக்ஸ் சர்வர் (ஜன்னல்களையும் கீபோர்டையும் நிர்வகிக்கும் புரோகிராம்) ‘ஸ்டேட்’ என்று ஓர் எண்ணை அனுப்பும். அதில் ஷிஃப்ட் 1, கேப்ஸ்லாக் 2, கன்ட்ரோல் 4, நம்லாக் பெரும்பாலும் மாட்2 என்ற இடத்தில் 16. ஆக உங்கள் வீட்டில் வந்தது 4, ஆபீஸில் வருவது 20. நீங்களோ இரட்டைச் சமக்குறி போட்டு ‘ஸ்டேட் சரியாகக் கன்ட்ரோல்மாஸ்க்தானா’ என்று கேட்டிருக்கிறீர்கள், 20 வந்தால் அது எப்படி ஒத்துப்போகும்? அந்த இடத்தில் & போட்டுக் கன்ட்ரோல் பிட் (ஸ்டேட்டில் அந்த 4-க்கான இடம்) இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கன்ட்ரோல்-ஷிஃப்ட்-எஸ் வேறு வேலை செய்ய வேண்டுமென்றால், முதலில் நம்லாக், கேப்ஸ்லாக் இரண்டின் பிட்டையும் கழற்றிவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள். கேப்ஸ்லாக் எரிந்தால் சின்ன எஸ்ஸுக்குப் பதில் பெரிய எஸ்ஸின் கீசிம் (கீ எதைக் குறிக்கிறது என்று சொல்லும் எண்) வரலாம், இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

மாற்றும் முன் அந்த ஆபீஸ் மெஷினிலேயே டெர்மினலில் எக்ஸ்இவி (வரும் நிகழ்வுகளைக் காட்டும் கருவி) ஓட்டி, கன்ட்ரோல்-எஸ் தட்டிப் பாருங்கள். ஸ்டேட் 0x14 என்று காட்டினால் அதுதான் 20. ஊகித்துக்கொண்டு கீபோர்டு வாங்குவதைவிட இந்த ஒரு நிமிடம் மேல்.

எண் கீ கதை வேறு. நீங்கள் எக்ஸ்லுக்அப்கீசிம்மை 0 கொடுத்து அழைக்கிறீர்கள், அது நம்லாக்கைப் பார்க்கவே பார்க்காது, 7 தட்டினால் ‘ஹோம்’ என்றுதான் சொல்லும். நம்லாக்கையும் பார்த்து, கீசிம்மோடு எழுத்தையும் தரும் எக்ஸ்லுக்அப்ஸ்ட்ரிங்குக்கு மாறுங்கள். அங்கேயும் ஒரு குழி இருக்கிறது: எண் பலகை 7-இன் கீசிம் 0xffb7, மேல் வரிசை 7-க்கு 0x37, கீசிம்மை வைத்து ஒப்பிட்டால் மறுபடி மாட்டிக்கொள்வீர்கள். எண்ணுக்கு அது தரும் எழுத்தை எடுங்கள், அது இரண்டுக்கும் ‘7’தான். கன்ட்ரோல்-எஸ்ஸுக்கு மட்டும் கீசிம். அங்கே எழுத்தாக வருவது ‘s’ அல்ல, வெறும் 19 என்ற கட்டுப்பாட்டு எழுத்து.

கேள்வி: என் ஜன்னலில் மவுஸ் கிளிக் வேலை செய்தது. கீ நிகழ்வும் வேண்டுமென்று இன்னொரு எக்ஸ்செலக்ட்இன்புட் (எந்த நிகழ்வுகள் வேண்டும் என்று எக்ஸ் சர்வருக்குச் சொல்லும் அழைப்பு) வரி சேர்த்தேன், கிளிக் நின்றுவிட்டது!
- வாசகி, பீடோர்

பதில்: இரண்டாவது அழைப்பு முதலாவதோடு சேராதும்மா, அதை அழித்துவிட்டு உட்காரும். பட்டன்பிரஸ்மாஸ்க், கீபிரஸ்மாஸ்க், எக்ஸ்போஷர்மாஸ்க் எல்லாவற்றையும் | போட்டு ஒரே அழைப்பில் கொடுங்கள். எக்ஸ்போஷரை (ஜன்னலை மறுபடி வரையச் சொல்லும் நிகழ்வு) விட்டுவிட்டால், மேலே வேறு ஜன்னல் வந்து போன பிறகு உங்களுடையது வெறுமையாகவே நிற்கலாம்.