மேடேறும்போது பின்சக்கரம் சாய்கிறதா? டேண்டமுக்கு ஏற்ற ஸ்கியூவர் எது?

கேள்வி: பார்வையற்ற என் அண்ணனோடு சேர்ந்து ஓட்டுவதற்காகப் பழைய இரும்பு டேண்டம் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். சமதளத்தில் குறையே இல்லை. ஏலகிரி மலையில் ஏறும்போது சின்ன கியருக்கு மாற்றி இருவரும் அழுத்தி மிதித்தால், பின்சக்கரம் இடப்பக்கமாகச் சாய்ந்து ஃபிரேமில் உரசி நின்றுவிடுகிறது. கடைக்காரர் டைட்டானியம் ஸ்கியூவர் (சக்கரத்தின் அச்சுக்குள் நுழைத்து, ஒரு முனையில் லீவரும் மறுமுனையில் நட்டும் வைத்து இறுக்கும் கம்பி) மாட்டச் சொல்கிறார். மாட்டலாமா?

பதில்: வேண்டாம். காசைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இடப்பக்கம் உரசுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதி விஷயம் புரிந்துவிட்டது. செயின் வலப்பக்கம் இருக்கிறது. நீங்கள் மிதிக்கும்போது அது ஆக்ஸிலின், அதாவது சக்கர அச்சின், வலது முனையை முன்னால் இழுக்கிறது. உங்களுடையது பழைய ஃபிரேம் என்பதால், ஆக்ஸில் உட்காரும் ஃபிரேம் தகடான டிராப்அவுட்டின் வாய் படுக்கை வாட்டில் வெட்டப்பட்டிருக்கும். ஆக்ஸில் முன்னே நகர அங்கே இடம் உண்டு. நகராமல் பிடித்திருப்பது ஸ்கியூவரின் இறுக்கம் ஒன்றுதான். ஒருவர் ஓட்டும் வண்டிக்கு அது எப்படியோ தாக்குப் பிடிக்கும். இரண்டு பேரின் கால் பலம் ஒரே செயினில் இறங்கினால் வழுக்கிவிடும்.

டைட்டானியத்தின் ஒரே பெருமை எடை குறைவு என்பதுதான். அதே தடிமனில் இரும்புக் கம்பியைவிட அது அதிகம் நீளும். இங்கே நமக்கு வேண்டியது நீளாத கம்பி. ஆள், சைக்கிள் எல்லாம் சேர்த்து நூற்றைம்பது கிலோவைத் தாண்டும் வண்டியில் ஐம்பது கிராமைக் குறைத்து என்ன சாதிக்கப் போகிறீர்கள்? கடைக்காரருக்கு லாபம் எதில் அதிகமோ அதைத்தான் எடுத்து நீட்டுவார். சிவப்பு, நீலம், தங்க நிறத்தில் மினுக்கும் அலுமினிய ஸ்கியூவர்களையும் இப்படித்தான் தலையில் கட்டுகிறார்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது, லீவரை மூடும்போது கம்பியை இழுத்து இறுக்கும் கேம் எங்கே இருக்கிறது என்பதை. லீவரைத் திறந்து பாருங்கள். லீவரின் அடிப்பகுதி கவட்டை போலப் பிரிந்து, குழிந்த ஒரு பிளாஸ்டிக் வாஷர் மேல் உட்கார்ந்திருந்தால் அது வெளிக் கேம். கையின் பலத்தில் பெரும்பகுதி அந்த உரசலிலேயே போய்விடும். தூசி படிந்தால் இன்னும் மோசம். லீவரின் தண்டு கெட்டியான இரும்புத் தலைக்குள் நுழைந்து, கேம் கண்ணுக்கே தெரியாமல் இருந்தால் அது உள் கேம். இத்தாலியின் கம்பாக்னோலோ நிறுவனம் தொடங்கிவைத்த பழைய வடிவம் அது. பலத்தில் இன்றும் அதுதான் மேல். ஷிமானோவின் சாதாரண ஸ்கியூவரே இந்த வகைதான். பார்க்க அழகாக இருக்காது, பிடி விடாது.

அடுத்தது முகப்பு. டிராப்அவுட்டில் பதியும் இரண்டு முகங்களும் இரும்பாக, பல் பல்லாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். அலுமினியப் பல் இரும்பு ஃபிரேமில் கடிக்காது, அதுதான் தேயும். டிராப்அவுட்டில் குரோம் பூச்சு இருந்தால் சொல்லவே வேண்டாம்.

நீளம் கவனம். சாதாரண ரோடு சைக்கிளின் பின் ஹப் (சக்கரத்தின் நடு உருளை) 130 மி.மீ. அகலம், மலை சைக்கிளுக்கு 135. டேண்டமில் 140, 145, சிலவற்றில் 160 கூட உண்டு. ஷிமானோ 130க்கு 163 மி.மீ. கம்பியும் 135க்கு 168 மி.மீ. கம்பியும் தருகிறது. அதே கணக்கில் 145க்கு 178 மி.மீ. அளவில் வேண்டும். குட்டைக் கம்பியை இழுத்துப் பிடித்து மாட்டி, நட்டின் மரை இரண்டு சுற்றுதான் பிடித்திருக்கிறது என்று தெரிந்தும் “இது போதும் சார்” என்பவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். நட்டின் மரை முழுக்கக் கம்பி நிறைந்திருக்க வேண்டும். பல பொட்டலங்களில் நீளமும் இருக்காது, கம்பி எந்த உலோகம் என்றும் இருக்காது. சைக்கிளில் பிரதிபலிப்பான் வைக்க 2020இல் அரசாணை போட்டார்கள், நல்லது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் கம்பியைப் பற்றி ஒரு வரி அச்சடிக்க வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

இவ்வளவும் சரியாகச் செய்த பிறகும் சக்கரம் நகரும் வண்டிகள் உண்டு. உங்களுடையது பழைய இரும்பு ஃபிரேம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஸ்கியூவரை முழுதாக உருவிவிட்டு, சக்கரத்தை டிராப்அவுட்டில் உட்கார வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். ஆக்ஸிலின் முனை டிராப்அவுட்டின் வெளிமுகத்தைவிட ஒரு மில்லிமீட்டராவது உள்ளே இருக்க வேண்டும். சமமாகவோ வெளியே நீட்டிக்கொண்டோ இருந்தால், நீங்கள் எவ்வளவு இறுக்கினாலும் ஸ்கியூவர் ஆக்ஸில் முனையைத்தான் அழுத்தும், ஃபிரேமைத் தொடாது. லீவர் கெட்டியாக மூடுவதால் சந்தேகமே வராது. பழைய ஃபிரேம்களின் டிராப்அவுட் தகடு மெல்லியது. தடித்த தகட்டுக்குச் செய்த ஹப்பைப் பிற்பாடு யாராவது மாட்டியிருந்தால் இந்தக் கோளாறு வரும். இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால் லாக் நட்டைத் தளர்த்தி ஆக்ஸிலை நகர்த்தினாலே சரியாகலாம். இரண்டு பக்கமும் நீட்டியிருந்தால் ஆக்ஸிலைக் கழற்றி, முனையை அரத்தால் ராவி, பிசிறு எடுக்க வேண்டும். இதைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். இதைப் பார்க்காமலே மூன்றாவது, நான்காவது ஸ்கியூவர் விற்கும் கடைகளை எனக்குத் தெரியும். டிராப்அவுட்டில் தடியாகப் பெயின்ட் அடித்திருந்தால், ஸ்கியூவர் பதியும் இடத்தில் மட்டும் சுரண்டிவிடுங்கள்.

மாட்டும்போது ஸ்கியூவரில் கோத்திருக்கும் ஸ்பிரிங்கின் குறுகிய முனை ஹப்பைப் பார்த்து இருக்கட்டும். கேமில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். லீவர் சைக்கிளுக்குச் செங்குத்தாக வெளியே நீட்டியிருக்கும் நிலையிலேயே கைக்குத் தடை தெரிய வேண்டும். அங்கிருந்து உள்ளங்கையால் அழுத்தி மூடினால் கையில் தடம் பதியும். பதியாவிட்டால் திறந்து, நட்டைக் கால் சுற்று கூட்டி மறுபடி மூடுங்கள். லீவரைப் பிடித்து நட்டு மாதிரி சுற்றி இறுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

முன்சக்கரத்தில் செயின் இழுப்பது இல்லை. 100 மி.மீ. ஹப்புக்கான சாதாரண இரும்பு உள் கேம் ஸ்கியூவர் போதும். அதற்கும் ‘டேண்டம் ஸ்பெஷல்’ என்று எதையாவது காட்டினால் வாங்காதீர்கள்.